வாயில் மறுத்தலும் வாள்வீச்சும்

1

பசிக்குச் சரித்திரம் கிடையாது, சமையலுக்கு உண்டு. காதலில் வரும் பொறாமையும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெஞ்சுக்குள் அது செய்கிற வேலையில், சங்ககாலத்து மனிதனுக்கும் இன்று வில்லியனூர்ப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி செல்போனை நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்கிற பையனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் வெளியே வரும்போது அது எந்த வார்த்தையை உடுத்திக்கொள்கிறது, யாருக்கு அனுமதிக்கப்படுகிறது, யாரால் மன்னிக்கப்படுகிறது என்பதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்துக்குத்தான் சரித்திரம் என்று பெயர். மன்னர்களையும் யுத்தங்களையும் எழுதித் தீர்த்த நம் சரித்திரக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. விமர்சகர்கள் வந்தால் ‘அகத்திணை மரபு’ என்று கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புதுவையின் கிராமப் பகுதி, அதாவது வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள், இந்தச் சரித்திரத்தைப் பார்க்கத் தோதான இடம். பாகூர் ஏரிப் பாசன மண். புதுவைக்கு நெல் தந்த மண். இலக்கணப்படி சுத்தமான மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். இது முதல் காரணம். இந்தக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. ஆனால் தொடர்ச்சியான பிரதேசமாக அல்ல, பிரிட்டிஷ் தென்னாற்காட்டுக்கு நடுவே திட்டுத் திட்டாக. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு தண்டனைச் சட்டம். பொறாமைக்கு வாய்க்காலின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. இது இரண்டாவது. தமிழில் ஓர் இளைஞனின் பொறாமையை நேருக்கு நேர் பார்த்த நவீன கவிதை ஒன்று உண்டென்றால் அது புதுவையில் எழுதப்பட்டது. அதன் மாஞ்சோலை புதுவைக்கு மேற்கே, வில்லியனூர் இருக்கிற திசையில் இருக்கிறது. இது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

ஊடல் என்பதைச் செல்லக் கோபம் என்று பொருள்கொண்டு சினிமாப் பாட்டுக்காரர்கள் அதைக் கெடுத்தாகிவிட்டது. மருதப் பாடல்களில் இருப்பது செல்லக் கோபம் அல்ல. பரத்தையிடமிருந்து வருகிற கணவனுக்கு வீட்டில் இடமில்லை என்று சொல்கிற ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவன் தானே வரத் துணியாமல் பாணனையும் விறலியையும் தோழியையும் அனுப்புகிறான். இவர்களுக்கு ‘வாயில்கள்’ என்றே பெயர். அவள் செய்வது ‘வாயில் மறுத்தல்’. வெளியே போக, யாரையும் தேட, பழிவாங்க அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கதவு அவளுடையது. தன்னிடம் இருக்கிற ஒரே அதிகாரத்தை அவள் பயன்படுத்துகிறாள்.

இந்தப் பொறாமைக்கு அளவு வைத்திருந்தார்கள் என்பது கவனத்துக்குரியது. புலவி, ஊடல், துனி என்று படிகள். காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களும் (131 முதல் 133 வரை) இதைப் பற்றியவையே. குறள் என்ற நூலே ஊடலில்தான் முடிகிறது. உணவில் உப்பு எவ்வளவோ காமத்தில் ஊடல் அவ்வளவு என்கிறார் வள்ளுவர். புலவி முற்றாத காய், துனி பழுத்துவிட்ட பழம் என்ற உவமையும் அங்கே உண்டு. துனியை முதிர்ந்த சண்டை என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். தாண்டக்கூடாத கோடு ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது என்ற பிரக்ஞை இதில் தெரிகிறது.

புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தை இன்றைய மனநல ஆலோசகர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் முகம் சுளிக்கக்கூடும். அங்கே அவள் எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறாள். அவன் தும்மினால், யார் நினைத்தார்கள் என்று அழுகிறாள். தும்மலை அடக்கினால், யார் நினைத்ததை மறைக்கிறாய் என்று அழுகிறாள். பூ வைத்துக்கொண்டால் யாருக்குக் காட்ட. பேசாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய். எதைச் செய்தாலும் குற்றம். இதே பட்டியலைப் பால் மாற்றி, ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்விகளாக எழுதிப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும். பட்டியல் அதேதான், கேட்பவன் கையில் இருக்கிற பலம்தான் வேறு. குறளின் பெண் கேட்கிற கேள்விகளுக்குப் பின்னால் அழுகை இருக்கிறது, அடி இல்லை. பொறாமையின் சொற்களை மட்டும் வைத்து அது விளையாட்டா வன்முறையா என்று தீர்மானிக்க முடியாது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆணின் பொறாமைக்கு நம் கவிதையியல் என்ன செய்தது? ஆண் ஊடுவதை இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாடல்களில் அது மிகக் குறைவு. தலைவி இன்னொருவனை நினைப்பாள் என்ற சாத்தியத்தையே அகத்திணை தனக்குள் விடவில்லை. பெண்ணின் பொறாமைக்கு ஒரு நிலம் கொடுத்து, வயலும் எருமையும் வைகறையும் கொடுத்து, வாயில்களையும் கொடுத்த மரபு, ஆணின் பொறாமையை நிலமற்றதாக விட்டுவிட்டது. பேசப்படாத ஒன்றுக்கு அளவும் வைக்கப்படவில்லை.

3

இந்த மௌனம் முதன்முதலாக உடைகிற இடம் சிலப்பதிகாரத்தின் கானல்வரி. இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் யாழோடு உட்கார்ந்திருக்கிற இரண்டு இளம் மனிதர்கள். கோவலன் பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக மாதவி நினைக்கிறாள். அவளும் யாழை வாங்கி, தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோலப் பாடுகிறாள். அவளுடையது பாவனை. அவனுக்கு அது நிஜம். எழுந்து போய்விடுகிறான்.

கண்ணகி வீட்டில் இருக்க மாதவியோடு வாழ்ந்தவன், மாதவியின் ஒரு பாட்டைத் தாங்கவில்லை. அவள் எழுதிய கடிதத்தை வாங்க மறுக்கிறான். வாயில் மறுத்தல் முதன்முறையாக ஆண் கைக்கு வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: தலைவி கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பாள், கோவலனுக்கு மூட வேறு கதவும் திறக்க வேறு வீடும் இருக்கின்றன. இளங்கோ இதற்குப் பொறுப்பை ஊழ்வினை மேல் போடுகிறார். யாழ் ஒரு சாக்கு என்கிறார். காவியத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து ஆணின் பொறாமைக்கு நம்மிடம் ஒரு வாய்தா கிடைத்துவிட்டது: ‘அவன் செய்யவில்லை, அவனுக்குள் ஏதோ புகுந்துவிட்டது.’ கிராமத்தில் இதைச் சந்தேகப் பேய் என்கிறோம். பேய் பிடித்தவனைக் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா? மறுபக்கம், பொறாமைப்பட எல்லா நியாயமும் இருக்கிற கண்ணகி ஒருமுறைகூட ஊடுவதில்லை. பத்தினி என்று அவளை உயர்த்திய கையோடு, மருதத் தலைவிக்கு இருந்த கதவையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

4

இனி சட்டத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், டூப்ளே காலத்துப் பேரங்களில், வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. இடையில் ஆங்கிலேயர் பிடித்ததும் திருப்பிக் கொடுத்ததுமாகப் பலமுறை கைமாறி, 1816க்குப் பிறகு நிலைத்தன. 1819இல் போடப்பட்ட ஏற்பாடு இது: சிவில் விவகாரங்களில், அதாவது கல்யாணம், வாரிசு, சொத்து ஆகியவற்றில், அவரவர் சாதி வழக்கப்படி, குற்றம் என்று வந்தால் பிரெஞ்சுச் சட்டப்படி. ஆக, ஒரு பாகூர் விவசாயி தன் சாதி வழக்கப்படி தாலி கட்டினான். நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அவன் வீட்டுக் கூடத்தைக் காவல் காத்தது.

அந்தச் சட்டத்தின் 324ஆம் பிரிவு சொல்வது இது: மனைவியும் அவள் கூட்டாளியும் தம்பதியர் வீட்டிலேயே கையும் களவுமாகப் பிடிபடுகிற கணத்தில் கணவன் செய்கிற கொலை மன்னிக்கத்தக்கது. 326ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றம் இப்படி மன்னிக்கத்தக்கதானால் தண்டனை ஒன்று முதல் ஐந்து ஆண்டுச் சிறை. இதே நிலைமையில் மனைவி கணவனைக் கொன்றால் இந்தச் சலுகை இல்லை. பிறழ்ந்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை (337). கணவன் வைப்பாட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தால் அபராதம் மட்டும் (339). வீட்டுக்கு வெளியே என்றால் அதுவும் கிடையாது. மருதத்தின் பரத்தையை நெப்போலியனின் சட்டம் கேள்வியில்லாமல் அனுமதித்தது. தலைவியின் கதவைத்தான் பிடுங்கிக்கொண்டது. வீடு இப்போது அவன் கொல்லலாம் என்று குறிக்கப்பட்ட இடம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம். கொலையைக் குறைக்கும் அதன் விலக்கில் கணவன், மனைவி, வீடு என்ற சொற்கள் இல்லை. 300ஆம் பிரிவின் முதல் விலக்கு, ‘கடுமையான, திடீரென்ற’ ஆத்திரமூட்டல் என்று பொதுவாகப் பேசுகிறது. யாருக்கும் யார் மீதும் பொருந்தலாம். கொலை, கொலையாகாத மரண விளைவிப்பாகக் குறையும். ஆனாலும் ஆயுள் தண்டனைவரை போகலாம். பிரெஞ்சுச் சட்டம் இடத்தைப் பார்த்தது: எங்கே நடந்தது? ஆங்கிலச் சட்டம் நேரத்தைப் பார்த்தது: ஆத்திரம் ஆற அவகாசம் இருந்ததா?

நேரம் என்ற அளவுகோல் எவ்வளவு தடுமாற்றமானது என்பதற்கு 1881ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்பு ஒன்று உதாரணம். கூலிக்காரன் ஒருவன் தன் மனைவியை அவனுடைய ஜன்மப் பகையாளியோடு பார்த்துவிடுகிறான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. யாரையும் தொடவுமில்லை. மறுநாள் காலை கூலி வாங்கப் போகிறான். வழியில், மனைவி அந்த மனிதனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அப்போதுதான் வெட்டுகிறான். ஓர் இரவு இடைவெளி இருந்தும் கோர்ட் விலக்கை ஒப்புக்கொண்டது. 1961இல் நானாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை எடுத்துப் பேசியது. அங்கே கடற்படை அதிகாரிக்கு மூன்று மணிநேர அவகாசம் இருந்தது, அதற்குள் துப்பாக்கி எடுத்துத் தோட்டா போட்டுக்கொண்டுதான் போனார் என்று அவருக்கு விலக்கு மறுக்கப்பட்டது. சட்டத்தின் வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். 1881ஆம் ஆண்டுக் கூலிக்காரனை உடைத்தது உடல்கள் அல்ல, சோறு. தான் பட்டினியாய் இருந்த இரவுக்கு மறுநாள், இன்னொருவன் சாப்பிடுகிறான். நம் சிறுகதைக்காரர்கள் எத்தனை பேர் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்கள்? தொட்டிருந்தாலும் அந்த மனைவி என்ன நினைத்தாள் என்பது தீர்ப்பில் இல்லாதது போலவே கதையிலும் இருந்திருக்காது. கூலிக்காரனின் பட்டினி நம்மை உருக்குகிறது. உருகுகிற அந்தக் கணத்தில் நாமும் ஜூரிகளாகிவிடுகிறோம். பம்பாயில் நானாவதிக்கு எட்டுக்கு ஒன்று என்று விடுதலை சொன்னவர்கள் வேறு ஜாதி மனிதர்கள் இல்லை.

புதுவை 1954இல் கைமாறி 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இந்திய தண்டனைச் சட்டம் அங்கே 1963இல் வந்தது. 324 போயிற்று; ஆனால் கூடவே 497ஆம் பிரிவு வந்தது. பிறன் மனைவியோடு கணவன் சம்மதமின்றிக் கூடுகிறவன் குற்றவாளி. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. மனைவி ஒரு நிலம். வரப்பு தாண்டினவனுக்குத் தண்டனை. பிரான்சில் 324ஆம் பிரிவின் அந்த வாசகம் 1975இல் நீக்கப்பட்டது. நம்முடைய 497 சுப்ரீம் கோர்ட்டால் 2018இல்தான் ரத்தானது.

5

இத்தனைக்கும் நடுவே, 1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் இருந்த பாரதி குயில் பாட்டை எழுதினார். கடைசியில் வேதாந்தமாக விரித்துப் பொருள்சொல்ல முடியுமா என்று அவரே ஒரு தூண்டிலைப் போட்டுவிட்டுப் போனதால், உரைகாரர்கள் இன்றுவரை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலோட்டமாக அது என்ன சொல்கிறதோ அதையே நான் பார்க்க விரும்புகிறேன். ஓர் இளைஞன் ஒரு குயிலிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அது மறுநாள் குரங்கிடம் காதல் பேசுகிறது, அடுத்து மாட்டிடம். இவன் ஒளிந்து நின்று கேட்கிறான், வாளை வீசுகிறான், வாள் தவறிவிடுகிறது. தமிழில் ஓர் ஆண் தன் பொறாமையைத் தானே சொல்லி, தானே அதைக் கேலிக்குரியதாக்கிக் காட்டியது இதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. எதிராளி குரங்கு, அதன் அழகை அவனிடம் இல்லாத வாலோடு ஒப்பிட்டு அவள் புகழ்கிறாள். பொறாமைக்காரனுக்கு எதிராளி எப்போதும் குரங்காகத்தான் தெரிவான் என்பது கேலியின் உள்ளே இருக்கிற உண்மை.

ஆனால் கவிதையின் பிற்பகுதியில், பூர்வ ஜன்மக் கதையில், வாள் தவறவில்லை. வேடர் குலத்துப் பெண். மாமன் மகன் மாடன் அவளுக்காக உருகுகிறான். காதலால் அல்ல, இரக்கத்தால், அவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறாள். தகப்பன் அவளை நெட்டைக் குரங்கனுக்கு நிச்சயம் செய்கிறான். அவளோ சேர இளவரசனைக் காதலிக்கிறாள். உரிமை கொண்டாடும் இருவரும் வந்து அவனை வெட்டுகிறார்கள். அவனும் அவர்களை வீழ்த்திவிட்டு அவள் மடியில் சாகிறான். முறைமாப்பிள்ளை உரிமை, நிச்சயித்த உரிமை, இரக்கத்தால் சொன்ன ஒரு சொல்லைக் கடன்பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு வசூலுக்கு வருகிற உரிமை. நம் கிராமங்களில் கத்திக்குப் பின்னால் இருக்கிற மூன்றையும் பாரதி சரியாகப் பார்த்துவிட்டார். ஆணின் பொறாமை தனி மனித நோய் மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று காட்டியதுதான் குயில் பாட்டின் சாதனை.

அவர் நின்றுவிட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். குயில் குரங்கிடம் பேசியது பேய்களின் மாயை என்று கதை முடிகிறது. அவள் உத்தமி என்று நிரூபணமான பிறகே அணைப்பு. ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே குரங்கைப் பிடித்திருந்தால்? அப்போது வாளை உறையில் போடச் சொல்கிற நியாயம் எது? இந்தக் கேள்வியை பாரதி தொடவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களும் தொட்டதாகச் சொல்ல முடியவில்லை.

6

அந்த நாட்களில் இருபது வயதுக்குள் கல்யாணம் முடிந்துவிடும். ஆகவே இளைஞர்களின் பொறாமை என்பதும் பெரும்பாலும் கல்யாணத்துக்குள் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னே, இருவரும் தாமே தேர்ந்துகொண்ட உறவில், எழுத்திலும் சாட்சியிலும் வராத பொறாமை என்பது கல்லூரியும் பேருந்தும் சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகளும் கைபேசியும் கொண்டுவந்த விஷயம். இதற்கு நாம் வைத்திருக்கிற வார்த்தைகளைப் பாருங்கள். பின்தொடர்ந்து மிரட்டுகிறவன் செய்வதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘ஒருதலைக் காதல்’. கைக்கிளை என்று இலக்கணம் தனியே ஒதுக்கி வைத்ததை எடுத்து, காதல் என்ற கௌரவத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 2012இல் புதுவைப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில், மறுத்துவிட்ட ஓர் இளம்பெண்ணின் மேல் அமிலம் வீசப்பட்டு, அடுத்த ஆண்டு அவள் இறந்துபோனாள். அதற்கும் இதே வார்த்தைதான். முன்பு சந்தைகளிலும் ரயில்களிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள்கூடக் கொலையைக் கொலை என்று அட்டையிலேயே போட்டன.

மற்ற வார்த்தை ‘பொசசிவ்’. ‘எங்காளு ரொம்பப் பொசசிவ்’ என்று பாகூர்ப் பேருந்தில் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்வதைக் கேட்டேன். சொன்ன குரலில் பாதி பெருமை, பாதி களைப்பு. யாரோடு பேசினாய், ஏன் போன் எடுக்கவில்லை, இரவு 12 மணிக்கு ஏன் ‘ஆன்லைன்’ என்று காட்டியது, பாஸ்வேர்டைக் கொடு, அந்த போட்டோவை எடுத்துவிடு. புலவி நுணுக்கத்தின் அதே பட்டியல். தும்மலுக்குப் பதில் பச்சைப் புள்ளி. பெண்களும் இதைச் செய்கிறார்கள். கையை அறுத்துக்கொண்டு படம் அனுப்புகிற பையனும், ‘செத்துப்போவேன்’ என்று மிரட்டுகிற பெண்ணும், ஒரு வாரம் பேசாமலிருந்து மற்றவரைக் கெஞ்ச வைப்பவரும் உண்டு. இங்கே ரத்தம் பல சமயம் வருவதில்லை. ஆள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகிறார்: முதலில் நண்பர்கள், பிறகு உடை, பிறகு சிரிப்பு.

சட்டம் இதைத் தாமதமாகவே பார்த்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வார்த்தையாலும் உணர்ச்சியாலும் செய்யும் கொடுமையை முதன்முறையாகப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கே அது பொருந்தும். 2013இல் பின்தொடர்தலும் அமில வீச்சும் தனிக் குற்றங்களாயின. இன்று நியாய சன்ஹிதாவில் 78, 124. பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகு தொடர்வதுதான் பெரும்பாலும் பின்தொடர்தல். இன்னும் பிடித்திருக்கிறபோதே நடக்கிற கொடுமை பெரும்பாலும் அதற்குள் வராது. 324ஐ நமக்குக் கொடுத்த அதே பிரான்ஸ் 2010இல் துணைவருக்குள் நடக்கும் மனோரீதியான துன்புறுத்தலைத் தனிக் குற்றமாக்கியது. 200 ஆண்டுகளில் சட்டம் கொலைகாரன் பக்கத்திலிருந்து நகர்ந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் சமூகத்தில் இது எவ்வளவு இறங்கியது என்பது வேறு விஷயம்.

சட்டம் வருகிற வரை காத்திருக்க இலக்கியத்துக்கு அவசியமில்லை. நம்மிடம் துனி என்ற சொல் இருந்தது. அன்பின் பேரால் தொடங்கி அன்பைத் தின்றுவிடும் நிலைக்கு ஒரு பெயர். இதற்கு மேல் போகாதே என்ற குறி. அதை அகராதியில் விட்டுவிட்டு, பேய் என்றும் விதி என்றும் ஒருதலைக் காதல் என்றும் பொசசிவ் என்றும் அளவற்ற வார்த்தைகளை எடுத்துக்கொண்டோம். அளவற்ற வார்த்தைகள் அளவற்ற செயல்களுக்கு முன்னதாகவே மன்னிப்புக் கொடுத்து வைக்கின்றன.

நம் கவிதையும் கதையும் கொஞ்ச காலமாவது வாள் வீசுகிறவன் நெஞ்சிலிருந்து வெளியே வந்து, பேருந்தில் பாதி பெருமையும் பாதி களைப்புமாகப் பேசிய அந்தக் குரலைக் கேட்க வேண்டும். களைப்பு எந்த நாளில் முழுமையாகிறது, அன்று அவள் கதவை மூடினால் வெளியே நிற்பவன் என்ன செய்கிறான் என்பதை எழுத வேண்டும். மருதத்தின் வாயில் மறுத்தலுக்கு இன்று அர்த்தம் இருக்கிறதா என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.